உளநல விடுதிக்குத் தாதிய மாணவரை ஆயத்தப்படுத்துதல்: வன்னியில் கற்பிப்போருக்கு ஒரு வழிகாட்டி

மூன்று ஆண்டுத் தாதியப் பயிற்சியில் உளநலப் பிரிவுக்கு ஒதுக்கப்படுவது சில வாரங்களே. அந்த வாரங்களுக்குள் மருந்துகளின் பெயர்களையும் நோய்களின் வகைகளையும் ஒரு மாணவர் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் நோயாளியின் பக்கத்தில் கால் மணி நேரம் பதற்றமில்லாமல் இருக்கவும், கண்டதைக் கண்டபடி எழுதவும், அவருடைய உடலில் ஏற்படும் மாற்றத்தை நேரத்தோடு பிடித்துக்கொள்ளவும் பழகாவிட்டால், அந்தப் படிப்பு பரீட்சைத் தாளோடு நின்றுவிடும். இலங்கையின் வன்னிப் பகுதியில், அதாவது வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில், மாணவரைப் பயிற்றும் போதனாசிரியர்களுக்கும் விடுதிப் பொறுப்புத் தாதியர்களுக்கும், இந்த மூன்று பழக்கங்களையும் எப்படி ஏற்படுத்தலாம் என்பதைக் கூடியவரை விளக்கமாகச் சொல்வதே இங்கு நோக்கம்.

2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையை கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை மனநல வைத்தியசாலை போன்ற பெரிய நிறுவனங்களிலிருந்து மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுவருவதை இலக்காக வைத்தது. அதனால் இன்று உளநோயாளர் தனியான மதிலுக்குள் மட்டும் இருப்பதில்லை. சத்திரசிகிச்சை விடுதியிலும் மகப்பேற்று விடுதியிலும் வெளிநோயாளர் பிரிவின் வரிசையிலும் அவர்கள் இருக்கிறார்கள். எந்த மாணவர் எந்த விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாலும் இந்த ஆயத்தம் அவருக்குத் தேவைப்படும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விடுதிக்குப் போவதற்கு முன்

மாணவர் பலர் பயத்தோடுதான் வருகிறார்கள். ‘விசர் வாட்டு’ என்று வீட்டிலும் ஊரிலும் கேட்டு வளர்ந்த பயம் அது. ஒரு விரிவுரையால் அதை அகற்ற முடியாது. முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்து, தாம் அஞ்சுவது எதை என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். அடிப்பார்கள், கையைப் பிடிப்பார்கள், என்ன கதைப்பது என்று தெரியாது, நானும் அழுதுவிடுவேன் என்றெல்லாம் வரும். அவற்றை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் நடைமுறையான பதிலைச் சொல்லுங்கள்: யாரைக் கூப்பிடுவது, எங்கே நிற்பது, எப்போது எழுந்து வந்துவிடலாம். இந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட்ட வகுப்புக்கும் செலவிடாத வகுப்புக்கும் உள்ள வேறுபாடு விடுதியின் முதல் காலையிலேயே தெரியும்.

வன்னியில் இதைவிட ஆழமான ஒரு விடயமும் இருக்கிறது. இன்று பயிற்சியில் இருக்கும் பலர் போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் சிறு பிள்ளைகள். பங்கருக்குள் இருந்ததையும் இடம்பெயர்ந்தோர் முகாமான மெனிக் பாமின் கூடாரங்களையும் அவர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். நினைவில்லாதவரும் அந்த நினைவோடு வாழும் தாய் தகப்பனுடன் வளர்ந்தவர்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று விளக்கிய, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பாதிக்கும் காயத்துக்கு நோயாளியும் தாதியும் ஒருங்கே உட்பட்டிருக்கும் இடம் இது. ஆகவே ஒரு நோயாளியின் கதை மாணவரின் சொந்தக் கதையைத் தொடும் என்பதை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். இதற்காக மாணவரை வட்டமாக இருத்தி, ஒவ்வொருவரும் தமது இழப்பைச் சொல்லவேண்டும் என்று கேட்பது பிழையான வழி என்பதே என் உறுதியான கருத்து. அனுபவித்த கொடுமையை விபரமாகச் சொல்லுமாறு தூண்டும் ஒற்றை அமர்வுகளை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. சொல்ல விரும்புபவர் தனியாகச் சொல்ல ஒரு ஆளும் ஒரு நேரமும் இருக்கிறது என்பதை அறிவித்து, சொல்லாதிருக்கும் உரிமையையும் மதித்தால் அதுவே போதுமானது.

பக்கத்தில் இருக்கப் பழக்குதல்

உரையாடலுக்கு முன் இருக்கையைக் கற்பியுங்கள். நோயாளிக்கு நேர் எதிரே கதிரையைப் போட்டால் அது விசாரணை போல் ஆகிவிடும். சற்றுச் சரிவாக, இரண்டு முழத் தூரத்தில் போடவேண்டும். வாசலை மாணவரும் அடையக்கூடியதாக இருக்கவேண்டும், நோயாளியும் அடையக்கூடியதாக இருக்கவேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் இருப்பது ஒருபோதும் கூடாது. தடுத்துவைக்கப்பட்டு, சித்திரவதைக்கு உள்ளான ஒருவருக்கு மூடிய கதவும், சப்பாத்துச் சத்தமும், பின்னாலிருந்து தோளில் விழும் கையும், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி கையை இறுக்குவதும்கூட அந்த நாள்களுக்கே அவரைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம். எனவே தொடுவதற்கு முன் எதற்காகத் தொடுகிறேன் என்று சொல்லும் பழக்கத்தை, வகுப்பறையில் ஒருவருக்கொருவர் செய்து பார்த்தே ஏற்படுத்தவேண்டும்.

அடுத்ததாக, கேட்பது. வன்னியின் கிராமங்களிலிருந்து வரும் மூத்தவர்கள் கவலையைக் கவலை என்று சொல்லித் தொடங்குவது அரிது. “ஒண்டுமில்லை பிள்ளை, நெஞ்சுக்குள்ளை எரியுது, இரவிலை நித்திரை இல்லை, ஒரே யோசினை” என்பார்கள். அனுபவமில்லாத மாணவர் நெஞ்செரிவு என்று எழுதி இரைப்பைக்கான மருந்தை எதிர்பார்ப்பார். “என்ன யோசினை அம்மா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாய்மூடி இருக்க அவரைப் பழக்கவேண்டும். அந்த மௌனம் அரை நிமிடம் நீடித்தாலும் மாணவருக்கு அரை மணி நேரம் போலிருக்கும். அதைத் தாங்கப் பழகுவதற்காகவே மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் தாதியாகவும் நடித்துப் பயில விடுங்கள். அதேவேளை உடல் முறைப்பாட்டைத் தள்ளிவிடவும் கூடாது. உடலில் எறிகணைத் துண்டுகளோடு வாழ்பவர்களுக்கு வலி உண்மையான வலி; தலையில் காயப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் வலிப்பும் குணமாற்றமும் வரலாம். இரண்டையும் கேட்கவேண்டும், இரண்டையும் எழுதவேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரையும் மனைவிமாரையும் மாணவர் நிச்சயம் சந்திப்பார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய தொடர் போராட்டத்தை அறியாதவர் இங்கு இல்லை. உடலும் கிடைக்காமல் செய்தியும் கிடைக்காமல் இருக்கும் இழப்பில், சாவுக்குரிய சடங்குகளைச் செய்யவும் முடியாது, செய்யாமல் விடவும் முடியாது. “ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா” என்றோ “அவர் இருப்பார்” என்றோ சொல்ல எந்தத் தாதிக்கும் உரிமை இல்லை என்பதை மாணவருக்கு மிகத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். பெயரைக் கேட்கலாம். எப்படிப்பட்ட பிள்ளை என்று கேட்கலாம். நித்திரை, சாப்பாடு, வீட்டில் துணைக்கு யார் என்று கேட்கலாம்.

கோயில், பூசாரி, நூல் கட்டுதல், பார்வை பார்த்தல் என்பவை பற்றிய பேச்சும் வரும். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்ததையோ மடு மாதாவிடம் போய்வந்ததையோ சொல்லும் குடும்பத்தைத் திருத்த முயலக்கூடாது. நேர்த்தியும் தொடரட்டும், குளிசையும் தொடரட்டும் என்பதே நடைமுறைக்கு உகந்த நிலைப்பாடு. கட்டிவைத்தல், அடித்தல், பட்டினி போடுதல் என்று எவராவது செய்திருந்தால் மட்டும் அது வேறு விடயம்; அதை அன்றே பொறுப்புத் தாதிக்கு அறிவிக்கவேண்டும்.

எழுதுவதும் மொழிபெயர்ப்பதும்

கண்டதற்கும் கருதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க ஒரே ஒரு பயிற்சி போதும். “நோயாளி ஆத்திரமாக இருந்தார், ஒத்துழைக்கவில்லை” என்ற குறிப்பைக் கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் இதனை எழுதுங்கள்: “மாலை 4.10. சாப்பாட்டுத் தட்டைக் கையால் தள்ளினார். ‘இதுக்குள்ளை என்னவோ கலந்திருக்கு’ என்று மூன்று தடவை சொன்னார். தனது போத்தலில் இருந்த தண்ணீரை மட்டும் குடித்தார். 4.25இற்குத் தங்கை கொண்டுவந்த பணிஸை வாங்கிச் சாப்பிட்டார்.” முதலாவது குறிப்பைப் படித்த வைத்தியருக்கு ஒன்றும் தெரியவராது. இரண்டாவதில் நோயாளிக்குப் பசி இருக்கிறது, சந்தேகம் விடுதிச் சாப்பாட்டின் மீதுதான், தங்கையை அவர் நம்புகிறார் என்ற மூன்று செய்திகள் இருக்கின்றன. இரவு மருந்தைத் தங்கை முன்னிலையில் கொடுத்துப் பார்க்கலாம் என்ற வழியும் கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் மாணவர் எழுதும் குறிப்பிலிருந்து ஒரு கருத்துச் சொல்லை எடுத்து, அதற்குரிய காட்சியை எழுதித் தரும்படி கேளுங்கள்.

நமது வைத்தியசாலைகளில் சிங்களம் பேசும் வைத்தியருக்கும் தமிழ் பேசும் நோயாளிக்கும் நடுவில் மாணவர் நிற்கவேண்டி வருவது வழக்கம். எந்தப் பாடத்திலும் கற்பிக்கப்படாத, ஆனால் நோயாளியின் வாழ்வையே தீர்மானிக்கக்கூடிய வேலை இது. நோயாளி பேசியதைச் சுருக்கக்கூடாது, அழகாக்கக்கூடாது, பொருத்தமில்லாதது என்று எதையும் விடக்கூடாது. நோயாளியின் வாயிலிருந்து வந்தபடியே ‘நான்’ என்று சொல்லி மொழிபெயர்க்கவேண்டும். ஒரு தாய் “பின்னேரத்திலை மகன் வந்து கூப்பிடுற மாதிரிக் கேக்கும், அப்ப எனக்கு ஆறுதலா இருக்கும்” என்று சொல்ல, மாணவர் “குரல் கேட்கிறதாம்” என்று மட்டும் மொழிபெயர்த்தால், இழந்தோர் பலருக்கு ஏற்படும் இயல்பான ஓர் அனுபவம் மனச்சிதைவின் அறிகுறியாகப் பதிவாகிவிடக்கூடும். மறுபக்கத்தில், “சாகச் சொல்லிச் சொல்லுது” என்பதை அச்சத்தாலோ வெட்கத்தாலோ மென்மையாக்கிச் சொன்னால் ஓர் உயிரே போய்விடலாம். உறவினரை, அதிலும் பிள்ளைகளை, மொழிபெயர்க்க விடாமல் தவிர்ப்பதும் இதே காரணத்தினால்தான்.

உடலைக் கவனித்தல்

உளநல விடுதியில் உடலைப் பற்றி அதிகம் கவனிக்கத் தேவையில்லை என்று மாணவர் நினைப்பதுண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. உளநோய் மருந்தான ஹலோபெரிடோலைத் தொடங்கிய ஓர் இளைஞருக்கு முதலிரண்டு நாள்களுக்குள் சிலவேளை கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண்கள் மேலே செருகி நிற்கும், நாக்குத் தடிக்கும். வீட்டாருக்கு அது பேய் பிடித்ததுபோல் தோன்றும். அறியாத தாதிக்கு நடிப்புப்போல் தோன்றும். அது மருந்தின் பக்கவிளைவு என்று தெரிந்த மாணவர் உடனே வைத்தியரை அழைப்பார். அவர் எழுதும் ஊசி போட்டதும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தணிந்துவிடும். இருக்க முடியாமல் நடந்துகொண்டே இருப்பவரும் அப்படித்தான்: நோய் கூடிவிட்டது என்று மருந்தை அதிகரித்தால் அந்த அவதி இன்னும் கூடும். காய்ச்சலும் உடல் விறைப்பும் வியர்வையும் மனக் குழப்பமும் ஒன்றாக வந்தால் டெங்கு என்று மட்டும் எண்ணிக் காத்திருக்கக்கூடாது. உளநோய் மருந்தால் அரிதாக ஏற்படும் உயிராபத்தான நிலையாக அது இருக்கலாம். வெண்குருதிக் கலங்களைக் குறைத்துவிடக்கூடிய உளநோய் மருந்தான குளோசபினை எடுப்பவர் தொண்டை நோவு, காய்ச்சல் என்று சொன்னால் அன்றே வெண்குருதிக் கலங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். அவருடைய மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யக்கூடாது.

மனநிலை ஏற்றத்தாழ்வு நோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியத்தைப் பற்றி வன்னியில் தனியாக ஒரு பாடமே நடத்தலாம். அது உடலில் நீரும் உப்பும் குறையும்போது இரத்தத்தில் கூடும் மருந்து. பங்குனி, சித்திரை வெயிலில் நாள் முழுவதும் வயலில் நின்று வியர்த்தவர், வயிற்றோட்டம் வந்தவர், உடல் நோவுக்குக் கடையில் டைக்குளோபெனக் வாங்கிப் போட்டவர் ஆகியோர், வழக்கமான அளவுக் குளிசையை எடுத்தாலும் நச்சு நிலைக்குப் போகலாம். கை பெரிதாக நடுங்குதல், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாடும் நடை, வாய் குழறுதல் என்பவை அதன் அடையாளங்கள். இரத்த மாதிரியைக் கடைசிக் குளிசைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தின் பின் எடுக்கவேண்டும். ஆகவே கிளினிக் நாளின் காலைக் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகே போடவேண்டும் என்று நோயாளிக்குச் சொல்வது தாதியின் வேலை. தள்ளாடுபவரைக் கண்டு குடித்திருக்கிறார் என்று முடிவு செய்துவிட வேண்டாம் என்பதை மாணவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

குடியைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். நாளாந்தம் கசிப்போ சாராயமோ குடித்த ஒருவர் கால் முறிந்து சத்திரசிகிச்சை விடுதியில் அனுமதிக்கப்படுகிறார். முதல் நாள் நடுக்கம், இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாள்களில் இல்லாத பூச்சிகளைக் கையால் தட்டிக்கொண்டு கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். அவரைக் கட்டிப்போட்டு ‘மன நோயாளி’ என்று எழுதிவிடும் நிலை வராமல் இருக்க, அனுமதிக்கும்போதே கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்கும் பழக்கத்தை மாணவருக்கு ஏற்படுத்துங்கள். தயமின் (விற்றமின் B1) கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவதால் மூளைக்கு ஏற்படக்கூடிய தீங்கையும் இதோடு சேர்த்துக் கற்பிக்கலாம்.

சாகும் எண்ணத்தைக் கேட்டல்

இலங்கையில் 1995ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அந்த வீதம் பெருமளவு குறைந்தது. பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகிய மூன்றும் 2008க்கும் 2011க்கும் இடையில் விலக்கப்பட்டன. இதிலிருந்து மாணவர் கற்கவேண்டியது ஒன்று உண்டு: சாகும் எண்ணம் பலருக்கு ஓர் அலை போல எழுந்து தணிகிறது, அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே கமக்காரக் குடும்பத்திடம் வயலுக்கு அடிக்கும் மருந்து எங்கே வைக்கப்படுகிறது, யாரிடம் திறப்பு இருக்கிறது என்று கேட்பது சிகிச்சையின் ஒரு பகுதி. கட்டிலுக்குக் கீழே இருந்தால் அதை வேறு வீட்டில் வைக்கச் சொல்லலாம்.

கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று மாணவர் அஞ்சுவார்கள். அப்படி ஆவதில்லை என்பதையும், கேட்கும்போது பலருக்கு நெஞ்சுப் பாரம் குறைகிறது என்பதையும் சொல்லி, வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள்: “இப்படி இருக்கேக்கை சாகவேணும் எண்ட எண்ணம் வாறதோ அம்மா?” பிறகு, எப்படி என்று யோசித்தீர்களா, எப்போது, அதற்கு ஏதும் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று படிப்படியாகக் கேட்கவேண்டும். ‘ஓம்’ என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல் இன்னொருவரை அனுப்பி வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். இரகசியமாக வைத்திருப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக்கூடாது. இதயத்தைப் பாதிக்கும் நஞ்சுள்ள அலரி விதையை உண்டவரிடம் கடுஞ்சொல் பேசும் வழக்கம் சில விடுதிகளில் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சி 1998ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் குற்றமல்ல. தாதிக்கு விசாரணை அதிகாரியின் வேலை இல்லை. இதயத் துடிப்பைக் கண்காணிப்பதும், அவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்பதும்தான் அவருடைய வேலை.

கொந்தளிக்கும் நோயாளியைப் பற்றிச் சுருக்கமாக: பேசுபவர் ஒருவராக இருக்கவேண்டும், குரல் தணிந்திருக்கவேண்டும், மற்ற நோயாளரை விலக்கவேண்டும், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவேண்டும். பிடித்துவைக்கும் வேலையில் மாணவரை ஈடுபடுத்தக்கூடாது. நமது உளநோய்ச் சட்டத்தின் அடிப்படை 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமாகும். நோயாளியின் உரிமைகளை இன்றைய பொருளில் பேசுவதற்காக இயற்றப்பட்டதல்ல அது. ஆதலால் கட்டிவைத்தவருடைய மணிக்கட்டைப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, நேரத்தைக் குறித்து, எவ்வளவு விரைவில் அவிழ்க்கலாம் என்று கேட்கும் பொறுப்பு விடுதியிலுள்ள தாதிக்கே வருகிறது.

ஊருக்குப் போதல்

குறைந்தது ஒரு நாளாவது மாணவரைச் சமூக உளநலத் தாதியுடன் வீடுகளுக்கு அனுப்புங்கள். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்தோ கிளினிக்குக்கு வரும் ஒருவருக்குப் பஸ் எத்தனை மணிக்கு, போக்குவரத்துச் செலவு எவ்வளவு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி என்ன ஆகும் என்பதைக் கணக்குப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். மாத ஊசிக்கு வராதவரை ‘ஒத்துழையாதவர்’ என்று எழுதும் பழக்கம் அந்தக் கணக்குக்குப் பிறகு குறையும். காலபோக அறுவடை நாளில் கிளினிக் திகதியைக் கொடுக்காமல் இருப்பதும், குடும்பநல உத்தியோகத்தருக்கும் கிராம அலுவலருக்கும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதும் அங்கே நேரில் விளங்கும்.

ஊர் சிறியது. நோயாளியும் மாணவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். மாணவரின் பெரியம்மா நோயாளியின் அயலவராக இருப்பார். வழியில் கண்டால் நோயாளி முதலில் கதைத்தால் மட்டும் கதைப்பது, விடுதியில் கண்டவரை வீட்டில் பெயர் சொல்லாதிருப்பது, சீருடையுடன் வாசலில் போய் நிற்பதால் அயலுக்குத் தெரிந்துவிடுமா என்று முன்கூட்டியே குடும்பத்திடம் கேட்பது ஆகியவை மாணவர் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்.

மதிப்பீட்டின்போது நோய்களின் பட்டியலைக் கேட்பதைக் குறைத்து, ஒரு நோயாளியுடன் மாணவர் பேசுவதைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். அவர் எழுதிய ஒரு நாள் குறிப்பை வாசியுங்கள். லித்தியம் எடுப்பவருக்கு அவர் எப்படி அறிவுரை சொல்கிறார் என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர் போதனாசிரியருடன் தனியாகவோ சிறு குழுவாகவோ இருந்து, கண்டவற்றைப் பற்றிக் கதைக்க நேர அட்டவணையிலேயே இடம் ஒதுக்குங்கள். நித்திரை குழம்பி, சாப்பாடு குறைந்து, ஒரு குறிப்பிட்ட கட்டிலைத் தவிர்த்து நடக்கும் மாணவர் இருந்தால் அவரைத் தனியே அழைத்து விசாரியுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் நோயாளருக்கு மட்டுமின்றி அவருக்கும் உரியது என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் அந்த வாரத்தை வேறு விடுதியில் கழித்து, எஞ்சிய நாள்களை அடுத்த குழுவுடன், தண்டனையாகவோ குறைவாகவோ பதியப்படாமல், நிறைவு செய்யக்கூடியதாகப் பயிற்சி அட்டவணையை ஆண்டின் தொடக்கத்திலேயே வரைந்துகொள்ளுங்கள்.